பதில் தட்டு

விடுதி அறையின் ஹீட்டர் எரியவில்லை. அண்ணன் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான், பிளக்கைப் பிடுங்கிச் செருகினான், கடைசியில் அதன் முன்னால் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தான். அண்ணி கட்டிலில் கிடந்த போர்வையை உதறிப் பார்த்துவிட்டு, "நம்ம ஃப்ரீசரைப் பாத்தா இதெல்லாம் அடுப்படிங்க. விடுங்க" என்றாள்.

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நானும் அண்ணியும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறோம். உறைந்த பட்டாணியும் மீனும் ஐஸ்கிரீமும் கூரை வரை அடுக்கியிருக்கும் கூடத்துக்குள் பஞ்சு வைத்த கோட்டும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு போய், கடைகள் கேட்ட பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுவோம். பேனா மை உறைந்துவிடும் என்பதால் உள்ளே பென்சில்தான். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அதனால் இந்த ஏரிக்கரை ஊரில் குளிர்காலத்தில் அரை மாரத்தான் நடக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது: மற்றவர்கள் குளிருக்குப் பயப்படுவார்கள், நமக்கென்ன? ஓடவும் வேண்டும் என்பதைப் பிறகுதான் யோசித்தோம்.

"குளிர்ல நிக்கறது வேற, குளிர்ல ஓடறது வேற" என்று அண்ணன் அன்றைக்கே சொன்னான். அவன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறான். எதைச் சொன்னாலும் பல்லில் கொண்டுபோய் முடிப்பான். "பல்லு கிட்டிப் போய் உடைஞ்சுதுன்னா சொல்லுங்க. வீட்டு ஆளுங்களுக்கு உடனே செஞ்சு தருவேன்."

என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. அரைக்கிணறு என்றுதான் கூப்பிடுவான். நீச்சல் வகுப்பில் சேர்ந்து தலையை முக்கக் கற்றுக்கொண்டதோடு நின்றேன். தையல் வகுப்பில் ஒரு சட்டைக்கு ஒரு கை வரை வந்தேன். கார் ஓட்டப் போய் ரிவர்ஸ் எடுக்கும் பாடத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் ஆரம்பிக்கும்போது அட்டவணை போடுவேன், கலர் கலராகக் கோடு அடிப்பேன். அட்டவணை மட்டும் பாதியில் நின்றதே இல்லை.

"அரைக்கிணறு அரை மாரத்தான் ஓடப் போகுதாம்" என்று காரில் வரும்போது அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான். "அப்படின்னா கணக்குப்படி கால் மாரத்தான்ல நின்னுடும்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அண்ணி.

நானும் சிரித்தேன். ஆனால் அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்திவிட்டது. குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் முதலாம் ஆண்டை எப்படியோ தள்ளிவிட்டேன். இரண்டாம் ஆண்டுக்குத் திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பெட்டி தூக்குகிறவள் நாளைக்கு அதே கிடங்கின் இயந்திர அறையில் நிற்கலாம் என்ற ஆசை இருந்தது. இதையும் பாதியில் விட்டுவிட்டு வருவேன் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் எனக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். நாளைக்கு ஓட்டத்தை முடித்தால் பெயர் கொடுப்பேன். நடுவில் நின்றுவிட்டால் கொடுக்க மாட்டேன்.

அண்ணன் டீ வாங்கப் போயிருந்தபோது இதை அண்ணியிடம் சொன்னேன்.

"ஓடறதுக்கும் கம்ப்ரஸருக்கும் என்னடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல அண்ணி. ஒண்ணையாவது முழுசா முடிப்பேனான்னு எனக்கே தெரியணும்."

"நின்னுட்டா?"

"அதுவும் தெரிஞ்சுடும்."

அண்ணி காலுறைகளை ஜோடி சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த மாதிரி தத்துவமெல்லாம் கிடையாது. ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள வந்தாகணும். சூப்பர்வைசர்கிட்ட வாய் விட்டுட்டேன். அதனால சொல்லிடறேன், நாளைக்கு ஜோடியெல்லாம் கிடையாது. உன் ஓட்டம் உனக்கு, என் ஓட்டம் எனக்கு."

ஜோடி என்று அவள் சொன்னது கிடங்கின் வழக்கத்தை. உறைகூடத்துக்குள் தனியாக யாரும் போகக் கூடாது. இரண்டு பேராகப் போனவர்கள் இரண்டு பேராகத்தான் வெளியே வர வேண்டும். உள்ளே விசிறிகளின் இரைச்சல், வாயில் மஃப்ளர். கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் வெளியே கிளம்புகிறவர் இரும்பு அடுக்கில் இரண்டு முறை தட்டுவார். ஜோடி எங்கே இருந்தாலும் இரண்டு முறை பதில் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் யோசிக்கக் கூடாது, காத்திருக்கக் கூடாது, திரும்பிப் போய்த் தேட வேண்டும். நான் சேருவதற்கு முன்பு மீன் வரிசையில் ஒருவர் வழுக்கி விழுந்து கால் மடங்கிக் கிடந்தாராம். பதில் தட்டு வரவில்லை என்று ஜோடி திரும்பிப் போனதால்தான் அவர் இன்றைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் போட வேண்டிய துணிகளை நாற்காலியில் போடும் வரிசையிலேயே அடுக்கி வைத்தேன். நான்கு அடுக்கு.

"ஓடப் போறியா, வீடு மாத்திப் போறியா?" என்றாள் அண்ணி. "வேர்த்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தினமும் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்கிற பாடம். இருந்தாலும் நான்கையும் போட்டுக்கொண்டேன்.

காலையில் ஏரியின் மேல் பனிமூட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது. புல் நுனியெல்லாம் வெள்ளை. எங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள், வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு. ஒலிபெருக்கிக்காரர் விளக்கினார். ஏரியின் இந்தக் கரையில் போய், பாதித் தூரத்தில் அணையின் மேல் கடந்து, மறு கரை வழியாக இங்கேயே திரும்பி வர வேண்டும். மூன்றேகால் மணி நேரத்தில் முடிவுக் கோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. கடைசியில் ஒரு வேன் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம்.

"அந்த வேனோட நம்பரைக் குறிச்சு வச்சுக்கோ" என்றான் அண்ணன் தடுப்புக்கு வெளியே இருந்து.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அண்ணி நிதானமாகத் தொடங்குகிறவள். நான் பயத்தில் வேகமாக ஓடுகிறவள். கொஞ்ச நேரத்திலேயே அவளுடைய ஆரஞ்சுத் தொப்பி பின்னால் மூட்டத்துக்குள் போய்விட்டது. உடம்பு சூடேறியது. மூச்சு ஒழுங்காக வந்தது. அணைக்கு முன்னால் தண்ணீர் கொடுக்கும் இடத்தை அடைந்தபோது, நான் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்தவுடனே வயிறு கலக்கியது.

கழிப்பறை வாசலில் வரிசை. என் முறை வந்ததும் நான்கு அடுக்கைக் கழற்றி மறுபடி போட வேண்டியிருந்தது. விறைத்த விரல்களால் ஜிப்பைத் தேடுவதற்குள் ஒரு யுகம் போய்விட்டது. வெளியே வந்து அணையின் முனையில் நின்று வந்த வழியைப் பார்த்தேன். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆரஞ்சுத் தொப்பியைக் காணவில்லை.

"ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருத்தங்க போனாங்களா?" என்று தண்ணீர் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன்.

"எவ்வளவோ தொப்பி போச்சுக்கா. நான் டம்ளரைத்தான் பாக்கறேன்."

இந்நேரம் அவள் வந்திருக்க வேண்டும். நிதானமாக ஓடினாலும் நிற்காமல் ஓடுகிறவள். வழியில் ஓரிடத்தில் தார் மேல் கண்ணாடி போலப் பனி உறைந்திருந்ததைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. என் கை தானாக அணையின் இரும்புக் கைப்பிடியை இரண்டு முறை தட்டியது. கிடங்கின் அடுக்கு போல அதிராத கெட்டிக் கம்பி, சத்தமே வரவில்லை. வந்திருந்தாலும் யார் பதில் தட்டப்போகிறார்கள்?

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. திரும்பி ஓடினேன்.

எதிரே வந்தவர்கள் முதலில் ஒதுங்கினார்கள், பிறகு சிரித்தார்கள். "ஏம்மா, வழி அந்தப் பக்கம்!" என்றார் ஒருவர். "அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டியா?" என்றார் இன்னொருவர். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஓரத்துப் புதர்களையும் பார்த்தேன். உறைந்திருந்த இடம் வந்தது. அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை. இன்னும் பின்னால் போனேன். கைகோத்து நடந்து வந்த இரண்டு பெண்கள் கடைசி ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு சுழல அந்த வேன் ஊர்ந்து வந்தது.

வேன்காரர் கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?"

"எங்க அண்ணியை."

பின் சீட்டில் போர்வை போர்த்திய ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கணுக்கால் சுளுக்கி ஏறியவராம். "அண்ணியைத் தொலைக்கறவங்களும் இருக்காங்களா! எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க, எங்க விட்டாலும் வந்துடுவாங்க" என்றார்.

அண்ணியின் ஓட்ட எண் என்னுடையதற்கு முந்தைய எண். அதைச் சொன்னேன். வேன்காரர் வாக்கி டாக்கியில் கேட்டார். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு ஒரு குரல் தெளிவாக வந்தது: "அவங்க அணையைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு. நல்லா ஓடறாங்க."

"நல்லா ஓடறாங்களாம்" என்றார் போர்வைக்காரர், எனக்குக் கேட்கவில்லையோ என்று.

நான் கழிப்பறைக்குள் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போயிருக்கிறாள். முதலில் நெஞ்சு லேசாயிற்று. அப்புறம்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். ஓடிய தூரத்தில் ஒரு பகுதியை நானே அழித்திருந்தேன்.

வேன்காரர் எட்டிக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. "ஏறிக்கோ. ஹீட்டர் நல்லா வேலை செய்யுது. இனிமே கோடு அடைக்கறதுக்குள்ள போறது கஷ்டம். நான் கணக்குப் பாத்துத்தான் ஓட்டறேன். இந்த வண்டிக்கு முன்னால இருக்கறவரைக்கும்தான் சான்ஸ்."

கிணற்றின் நடுவில் ஒருவர் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிறார். இந்த முறை காரணமும் நல்ல காரணம். அண்ணியைத் தேடிப் போனேன் என்று சொன்னால் அண்ணன்கூடச் சிரிக்க மாட்டான். நீச்சலுக்கும் தையலுக்கும்கூட என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன.

"இல்லண்ணே. ஓடறேன்."

"கடைசி வரைக்கும் முடியுமா?"

"தெரியலை."

"தெரியலைன்னா ஏறும்மா."

"தெரியலைங்கறதாலதான் ஓடறேன். இதை மட்டும் வச்சுக்கோங்க." வெளிக் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

"நான் போட்டுக்கலாமா?" என்று கேட்டார் போர்வைக்காரர்.

ஓடத் தொடங்கியதும் தெரிந்தது, அண்ணி சொன்னதுதான் சரி. உள்ளே வேர்த்த துணி முதுகோடு ஒட்டிச் சில்லென்று ஆகிவிட்டது. அணையின் மேல் காற்று வேறு. ஏரி இருக்கிற பக்கத்துக் காது எனக்குச் சொந்தமில்லாதது போல ஆயிற்று. முழங்காலில் ஏதோ ஒன்று ஒவ்வோர் அடிக்கும் புகார் சொன்னது. மறு கரை முழுவதும் மிச்சம் இருந்தது. அதை மொத்தமாக நினைத்தபோது வேனின் சூடான காற்று ஞாபகம் வந்தது.

கிடங்கில் பெரிய ஆர்டர் வந்தால் யாரும் அதை மொத்தமாகப் பார்க்க மாட்டோம். வரிசை வரிசையாகத்தான் எடுப்போம். கதவுக்குப் பக்கத்தில் பட்டாணி, அடுத்தது மீன், கடைசியில் விசிறிக்கு நேர் கீழே ஐஸ்கிரீம். அங்கேதான் குளிர் அதிகம். வரிசையை முடித்தால் அடுத்த வரிசை, அவ்வளவுதான். சாலையையும் அப்படியே பிரித்துக்கொண்டேன். படகுத்துறை வரை பட்டாணி. கைகோத்து நடந்த பெண்களை அதில் தாண்டினேன். "அட, வந்துட்டியா!" என்றாள் ஒருத்தி. துறையிலிருந்து மரமறுக்கும் பட்டறை வரை மீன். அதில் மூன்று பேரைத் தாண்டினேன். முதலில் பால் ஜோக்கு அடித்தவர் அவர்களில் ஒருவர். இப்போது அவருக்குப் பேசத் தெம்பில்லை, கையை மட்டும் தூக்கினார். பட்டறைக்குப் பிறகு சாலை மேலேறியது. அது ஐஸ்கிரீம்.

ஏற்றத்தின் நடுவில் நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் நின்றுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் நடக்கும்போதும் கைகளை ஓடுவது போலவே வீசினேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ! கைகள் ஓடின, கொஞ்ச நேரத்தில் கால்களும் வெட்கப்பட்டுக் கூடவே ஓடின.

மேட்டின் உச்சியில் பின்னால் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு ஏற்றத்தின் அடியில் வந்துகொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து போர்வைக்காரரின் தலை வெளியே நீண்டிருந்தது. என் கோட்டைப் போட்டிருந்தார்.

"ஓடும்மா! உன் கோட்டு நல்லா கதகதப்பா இருக்கு, எங்களைப் பத்திக் கவலைப்படாத, ஓடு!"

மிச்சம் இறக்கம்தான். கால்களை நம்பி உடம்பை விட்டுவிட்டேன். முழங்கால் சொன்ன எதையும் கேட்கவில்லை. முடிவு வளைவு தெரிந்தது. அதன் இரு பக்கமும் மஞ்சள் சட்டைக்காரர்கள் இரும்புத் தடுப்புகளை நடுவே இழுத்து வைக்கத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடிகாரம் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. என் கண்ணில் வேர்வை, எண் தெரியவில்லை.

கோட்டுக்கு நாலடி முன்னால், பாதையின் ஓரத்தில், ஆரஞ்சுத் தொப்பி நின்றுகொண்டிருந்தது.

அண்ணனின் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து, இரு கைகளையும் அக்குளில் செருகியபடி நின்றாள். விசில் கழுத்தில் தொங்கும் ஒருவர் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு வெளியே அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்.

"நாலே அடிம்மா. தாண்டிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்களேன்" என்றார் விசில்காரர்.

"வருவா" என்றாள் அண்ணி.

"தாண்டித் தொலையேண்டி! அவ வேன்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருப்பா!"

"உங்க தங்கச்சியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம இருங்க."

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. அக்குளிலிருந்து ஒரு கையை எடுத்துப் பக்கத்திலிருந்த இரும்புத் தடுப்பில் இரண்டு முறை ஓங்கித் தட்டினாள்.

என் வலப்பக்கம் தடுப்பு வரிசை தொடங்கியது. முதல் தடுப்பில் நான் இரண்டு முறை அடித்தேன். இந்த முறை சத்தம் வந்தது.

மஞ்சள் சட்டைக்காரர்கள் தடுப்பை இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். இடைவெளி ஒரு கதவின் அளவுக்கு வந்துவிட்டது. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். ஒரு கதவில் இரண்டு பேர் நுழைவது எங்களுக்குப் பழகிய வேலை. பக்கவாட்டில் திரும்பி, ஒருத்தி பின் ஒருத்தியாக, உள்ளே போனோம். பின்னால் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் கேட்டது. விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விசிலை ஊதவே மறந்துபோய், "செல்லும், செல்லும்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள்.

"எங்கடி போனே?"

"உங்களைத் தேடி."

"நான் உனக்கு முன்னால போனேன்டி, லூசு!"

"தெரியாது அண்ணி. காணோம்னு திரும்பிப் போயிட்டேன்."

"ஜோடி கிடையாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"நீங்க மட்டும் எதுக்கு நின்னீங்க? ரெண்டே முக்கால் மணி நேரம்னீங்களே."

அண்ணி நிமிர்ந்தாள். "உனக்காக ஒண்ணும் நிக்கல. நீ வந்தாச்சான்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டேன், வரலைன்னார். கால் நின்னுடுச்சு. பழக்கம்." மூக்கை உறிஞ்சினாள். "அரை மணி நேரம் மரம் மாதிரி நின்னிருக்கேன். சூப்பர்வைசர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அண்ணன் தெர்மாஸோடு வந்து எங்கள் பக்கத்தில் குந்தினான். மூடியில் டீயை ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினான். என் பல் மூடியின் விளிம்பில் கடகடவென்று அடித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு எவ்வளவோ இருந்திருக்கும். "மெதுவா குடி" என்று மட்டும் சொன்னான்.

போர்வைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து என் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தார், பாதி தின்றது.

முடிவுப் பட்டியல் மாலையே வந்துவிட்டது. இடைவெளியில் நுழையும்போது என் தோள் முன்னால் இருந்திருக்கிறது. நான் கடைசிக்கு முந்தையவள். அண்ணி கடைசி. ஊருக்குத் திரும்புகிற வழி முழுவதும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "நான் முன்னாடியே வந்தவ. நாலடி. வெறும் நாலடி."

"கடைசிக்கிணறு" என்றான் அண்ணன். அவள் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மாலை வகுப்பு அலுவலகத்தில் இறங்கிப் பெயர் கொடுத்தேன். அங்கே இருந்தவர், "எந்த வருஷம்?" என்று கேட்டார். "ரெண்டாவது" என்றேன். அவர் தலை நிமிரக்கூட இல்லை.

கிடங்கில் கோட்டைப் போட்டுக்கொள்ளும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"கொடுத்துட்டியா? சரி. கையுறையைப் போடு" என்றாள். படி இறங்கும்போது இருவருமே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம். அன்றைக்குப் பெரிய ஆர்டர். பட்டாணியிலிருந்து ஆரம்பித்தோம்.